கையை விடுங்கள், முதலில் மூச்சை விடுங்கள்

கேள்வி: நாமக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவள் நான். சிறுவயதில் என் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தோட்டத்துக் கிணற்றில் அப்பா நீச்சல் பழக்கினார். இப்போது எனக்கு 41 வயது. கோவையில் இருக்கிறேன். சில மாதங்களாக ஒரு நீச்சல் குளத்தில் பெண்களுக்கான காலை வகுப்பில் ஃப்ரீஸ்டைல் (குப்புறப் படுத்து, கைகளை மாற்றி மாற்றி வீசும் நீச்சல்) கற்று வருகிறேன். 25 மீட்டர் குளத்தில் பாதி தாண்டுவதற்குள் மூச்சு இரைக்கிறது. கால் கீழே போய்விடுகிறது. மூச்சு வாங்கத் திரும்பினால் தண்ணீரைக் குடிக்கிறேன், மூக்கிலும் ஏறுகிறது. "காலை வேகமாக அடியுங்கள், கையை வேகமாகப் போடுங்கள்" என்கிறார் பயிற்சியாளர். அப்படிச் செய்தால் இன்னும் சீக்கிரம் களைத்துவிடுகிறேன். மருத்துவரிடம் காட்டினேன், குறை ஒன்றுமில்லை என்றார். எனக்கு வயதாகிவிட்டதா, கையில் வலு இல்லையா? பேடில் (உள்ளங்கையில் மாட்டும் பலகை), ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) வாங்கினால் உதவுமா? என் ஒன்பது வயது மகளுக்கு ஊர்க் கிணற்றிலேயே கற்றுக்கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வயதும் காரணமில்லை, கை வலுவும் காரணமில்லை. நீருக்குள் மூச்சை அடக்கி வைத்திருக்கிறீர்கள். அது தாங்காமல் போகும்போது தலையைத் தூக்குகிறீர்கள். இரைப்பு, கால் தாழ்வது, தண்ணீர் குடிப்பது என்று நீங்கள் எழுதியிருக்கும் மூன்று தொல்லைகளும் அந்த ஒரே இடத்திலிருந்து வருகின்றன. நேரில் பார்க்காமலே இதைத் துணிந்து சொல்கிறேன் என்றால், கிணற்றில் பழகிவிட்டு வளர்ந்தபின் குளத்துக்கு வருகிறவர்கள் அநேகரிடம் நான் பார்ப்பது இதைத்தான். மருத்துவரைப் பார்த்துவிட்டது நல்லது. நீந்தும்போது நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் மட்டும் பயிற்சியை நிறுத்திவிட்டு மறுபடியும் அவரிடம் போங்கள்.

உங்கள் அப்பா கற்றுக்கொடுத்ததைக் குறைவாக நினைக்காதீர்கள். ஆழத்துக்கு அஞ்சாத உடம்பை அவர் உங்களுக்குக் கொடுத்திருக்கிறார். வளர்ந்தபின் நீச்சலுக்கு வருகிறவர்கள் அதைப் பெறுவதற்கே பல வாரம் பாடுபடுகிறார்கள். ஆனால் கிணற்று நீச்சல் வேறு தேவைக்காக உண்டானது. அங்கே எதிர்ச்சுவர் பத்துப் பதினைந்து கைவீச்சில் வந்துவிடும். படிக்கட்டு எந்தப் பக்கம், மேலேயிருந்து யார் குதிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் தலை எப்போதும் வெளியே நிற்கும், உடம்பு பாதி நின்ற நிலையில் இருக்கும், கால் கீழே மிதித்துக்கொண்டிருக்கும். அந்த இடத்துக்கு அது சரியான நீச்சல். 25 மீட்டரை அதே உடம்பு நிலையில் கடக்கப் பார்த்தால் யாராக இருந்தாலும் பாதியில் இரைக்கத்தான் செய்யும்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்க வீராங்கனை டாரா டோரஸ் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மூன்று வெள்ளிப் பதக்கம் வென்றபோது அவருக்கும் 41 வயதுதான். 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் நொடியில் நூற்றில் ஒரு பங்கில்தான் தங்கத்தைத் தவறவிட்டார். அவர் சிறுவயது முதல் போட்டிகளில் நீந்தியவர். உங்களை அவரோடு ஒப்பிடவில்லை. 41 வயது உடம்பால் தண்ணீரில் எதுவும் ஆகாது என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஓட்டத்தில் முழங்கால் வாங்கும் அடி நீச்சலில் இல்லை. இந்த வயதில் தொடங்குவதற்கு இதைவிட இணக்கமான பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

இனி மூச்சுக்கு வருவோம். நீருக்குள் முகத்தை வைத்தவுடன் வாயை இறுக்கி மூடிக்கொள்வது எல்லோருக்கும் இயல்பு. ஆனால் "உடனே மூச்சு வேண்டும்" என்று உடம்பு பதறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்துபோவது அல்ல; வெளியே போகாமல் தங்கிவிட்ட கரியமில வாயு ரத்தத்தில் ஏறுவதுதான். அந்தப் பதற்றத்தோடு நீங்கள் தலையைத் திருப்புகிறீர்கள். வாய் வெளியே இருக்கும் அந்த அரை நொடிக்குள் பழைய காற்றை விடவும் வேண்டும், புதிய காற்றை இழுக்கவும் வேண்டும். இரண்டுக்கும் நேரம் போதாது. பாதி விட்டு, பாதி இழுத்து, மறுபடியும் முகத்தை உள்ளே வைக்கிறீர்கள். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் நுரையீரலில் பழைய காற்றே நிறைந்து நிற்கிறது. கையை வேகமாகப் போட்டால் தசைகள் இன்னும் அதிகமாகக் கரியமில வாயுவை உண்டாக்குகின்றன. பயிற்சியாளர் சொன்னதைச் செய்தபோது சீக்கிரம் களைத்ததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே மூச்சை விடும் வேலை முழுவதும் நீருக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். வெளியே திரும்புவது இழுப்பதற்கு மட்டும்.

இதைப் பழக நீந்த வேண்டியதில்லை. மார்பளவுத் தண்ணீரில் சுவரைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். வாயால் சாதாரணமாக ஒரு மூச்சு இழுங்கள். நெஞ்சு புடைக்க இழுக்க வேண்டாம். முங்குங்கள். முங்கிய கணமே "ம்ம்ம்..." என்று முனகத் தொடங்குங்கள். முனகும்போது மூக்கு வழியாகக் காற்று போய்க்கொண்டே இருக்கும். காற்று வெளியே வரும் வழியில் தண்ணீர் உள்ளே ஏறாது. மூக்கில் தண்ணீர் ஏறும் உங்கள் தொல்லை இதிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். கடைசியில் வாயையும் திறந்து மிச்சக் காற்றை ஊதி வெளியேற்றிக்கொண்டே எழுங்கள். வாய் வெளியே வந்ததும் இழுப்பு மட்டும். நின்று ஆசுவாசப்படுத்திக்கொள்ளாமல் உடனே அடுத்த முங்கல். முதல் நாள் பத்துக்குள் தாளம் தப்பும். பரவாயில்லை, நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். நிற்காமல் இருபது முறை முங்கி எழுந்த பிறகும் படியேறிய அளவுக்குக்கூட இரைக்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிகிற நாள்வரை 25 மீட்டரைப் பற்றி நினைக்கவே வேண்டாம். குளத்தில் இறங்கும் ஒவ்வொரு நாளும் முதல் ஐந்து நிமிடம் இதற்கே. பக்கத்து வரிசையில் மற்றவர்கள் நீளம் நீளமாகப் போய்க்கொண்டிருக்கும்போது இப்படி முங்கி முங்கி எழுவது சங்கடமாகத் தோன்றலாம். தோன்றினாலும் விட்டுவிடாதீர்கள். இதைவிட அதிகப் பலன் தரும் பயிற்சி தொடக்க நிலையில் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வேகவேகமாகப் பலமுறை மூச்சு இழுத்துவிட்டு, பிறகு நீருக்குள் நீண்ட நேரம் அடக்கிப் பார்க்கும் பந்தயம் சிலருக்குப் பிடித்தமானது. அப்படி இழுத்துவிடும்போது கரியமில வாயு அளவு மீறிக் குறைந்துபோகிறது. உடம்பின் எச்சரிக்கை ஒலிப்பதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, நீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். நீங்களும் செய்யாதீர்கள், உங்கள் மகளையும் செய்ய விடாதீர்கள்.

அடுத்தது தலை. நம் உடம்பில் மிதப்பைத் தருவது நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் காற்று. இடுப்பும் தொடையும் கனம். மிதக்கும் இடமும் கனமான இடமும் வேறு வேறாக இருப்பதால், படுத்த நிலையில் கால் தாழப் பார்ப்பது இயற்கை. இதில் நீங்கள் தலையையும் தூக்கினால் கிணற்றடி ஏற்றத்தின் கதைதான். ஒரு முனை மேலே போனால் மறுமுனை கீழே இறங்கியே தீரும். தலையின் எடை ஏறக்குறைய நான்கு, ஐந்து கிலோ. நீருக்குள் இருக்கும்வரை அந்த எடையைத் தண்ணீர் தாங்குகிறது. வெளியே எடுத்தால் முழு எடையும் உங்கள் உடம்பின் மேல் இறங்குகிறது. கால் தாழ்ந்தவுடன் நீரைக் கிழித்துப் போக வேண்டிய உடம்பு சரிவாக நின்று நீரை முட்டித் தள்ளுகிறது. தண்ணீர் காற்றைப் போல 800 மடங்கு அடர்த்தி உள்ளது. அதை முட்டித் தள்ளி வெல்லும் வலு யாருக்கும் கிடையாது.

ஆகவே முன்னால் இருக்கும் சுவரைப் பார்க்காதீர்கள். குளத்தின் அடித்தளத்தில் வரிசையைக் காட்டும் கறுப்புக் கோடு இருக்கிறதல்லவா, அதை நேர்கீழாகப் பாருங்கள். பின்கழுத்தில் சுருக்கம் விழக் கூடாது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. சுவரைக் காலால் உதைத்து, இரு கைகளையும் காதோடு ஒட்டி முன்னே நீட்டி, கால் அடிக்காமல் வழுக்கிப் போங்கள். முதல் முறை முன்னே பார்த்துக்கொண்டு, அடுத்த முறை நேர்கீழே பார்த்துக்கொண்டு. எங்கே நிற்கிறீர்கள் என்று இரண்டு முறையும் கவனியுங்கள். போட்டி அளவிலான குளம் என்றால் சுவரிலிருந்து 5 மீட்டரில் குறுக்கே கொடித் தோரணம் கட்டியிருப்பார்கள். மல்லாந்து நீந்துபவர்களுக்கு முடிவு நெருங்குவதைக் காட்டும் அடையாளம் அது. கால் அடிக்காமல் அதுவரை போக முடிந்தால் உங்கள் உடம்பு படுத்துவிட்டது என்று அர்த்தம்.

மூச்சுக்குத் திரும்புவதுதான் இதில் கடினமான பகுதி. தலையைத் தூக்கக் கூடாது என்று தெரிந்தவர்கள்கூட அந்தக் கணத்தில் தூக்கிவிடுகிறார்கள். உங்கள் தண்ணீர் குடிப்புக்குக் காரணம் திரும்பியது போதாது என்பதல்ல. தலை மேலே போனதும், நீட்டியிருந்த கை கீழே அழுந்தியதும்தான். வலது பக்கம் மூச்சு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இடது கை முன்னே நீண்டிருக்கிறது, வலது கை நீரைப் பின்னே இழுக்கத் தொடங்குகிறது. அப்போதே இடுப்பும் தோளும் சேர்ந்து வலப்புறம் உருள வேண்டும். அந்த உருளலோடு முகமும் வருகிறது. கழுத்து தனியாகத் திருகுவதில்லை. இடது காது நீரில் படுத்திருக்கிறது. நீச்சல் கண்ணாடியில் ஒரு கண் நீருக்குள், ஒரு கண் நீருக்கு மேலே. உங்கள் தலை முன்னே நகரும்போது நெற்றிக்கு முன்னால் சிறு அலை எழும்பும். அதன் பின்னால், கன்னத்தை ஒட்டி, நீர்மட்டம் சற்றே தாழ்ந்து ஒரு பள்ளம் உண்டாகும். வாய்க்கு வேண்டிய காற்று அந்தப் பள்ளத்தில் இருக்கிறது. அதை நம்பக் கொஞ்ச நாளாகும். வலது கை முன்னே வந்து நீரில் இறங்குவதற்குள் முகம் உள்ளே போய்விட வேண்டும், போன கணமே மறுபடியும் "ம்ம்ம்..."

அந்த நேரத்தில் இடது கை என்ன செய்கிறது என்று யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது தரையில் ஊன்றுவது போல நீரைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். தாங்கிப் பிடிக்க ஏதாவது வேண்டும் என்று உடம்பு தேடுகிறது, அவ்வளவுதான். இந்தப் பழக்கம் போவதற்குப் பக்கவாட்டு உதைப்பு உதவும். இடது கையை நீட்டி, வலது கையைத் தொடையில் வைத்து, இடப்பக்கமாகச் சாய்ந்து, முகம் கீழே பார்த்திருக்க, மெல்லக் கால் அடித்துப் போங்கள். ஆறு முறை உதைத்தபின் முகத்தை மட்டும் உருட்டி மூச்சு வாங்கி, திரும்ப உள்ளே வையுங்கள். நீட்டிய கை அசையவே கூடாது. கால் அடிப்பு இன்னும் வலுப்படாதவர்களுக்கு இதில் ஃபின்ஸ் உண்மையிலேயே உதவும்; குட்டையான ரகம் போதும்.

மூச்சு எத்தனை கைவீச்சுக்கு ஒரு முறை என்று குழம்ப வேண்டாம். இப்போதைக்கு ஒரே பக்கம், இரண்டு வீச்சுக்கு ஒரு முறை. மூன்றுக்கு ஒரு முறை, இருபுறமும் மாற்றி மாற்றி என்பதெல்லாம் பின்னால் தானாக வரும். மூச்சுக்கே தவிப்பவரை மூச்சைக் குறைக்கச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

கால் அடிப்பைப் பற்றி உங்கள் பயிற்சியாளர் சொன்னதோடு நான் மாறுபடுகிறேன். தொடைத் தசைகள் உடம்பிலேயே பெரியவை. வேகமாக அடித்தால் மூச்சை அவை விழுங்கிவிடும். அதிலும் கிணற்றுப் பழக்கத்தில் நீங்கள் முழங்காலை மடித்து மிதிப்பவராக இருப்பீர்கள். அப்படி மிதித்தால் தொடை நீரை முன்னே தள்ளி உங்களையே பின்னுக்கு இழுக்கும். உதைப்பு இடுப்பிலிருந்து தொடங்கட்டும். முழங்கால் சற்றே தளர்ந்திருந்தால் போதும். கணுக்கால் தளர்ந்து, கால் கட்டைவிரல்கள் ஒன்றையொன்று உரசிப் போகும் அளவுக்குச் சிறிய உதைப்பு. குதிகால் நீர்மட்டத்தை லேசாகக் கலக்கினால் போதும், தண்ணீர் வாரி இறைய வேண்டியதில்லை. கிக் போர்டு என்னும் மிதவைப் பலகையைப் பிடித்துத் தலையை நிமிர்த்தி உதைக்கும் பயிற்சியை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நீங்கள் விட வேண்டிய அதே நிலையை அது மறுபடியும் பழக்கும்.

கையைப் பற்றி இப்போது நிறையச் சொல்லப் போவதில்லை. கை நீரில் இறங்கும்போது தோளுக்கு நேராக இறங்கட்டும். தலைக்கு முன்னால் குறுக்கே போனால் உடம்பு வளைந்து வளைந்து போகும், தோளும் வலிக்கும். கட்டைவிரல் முதலில் இறங்கும்படி உள்ளங்கையைத் திருப்ப வேண்டாம். விரல்நுனிகள் முதலில் இறங்கட்டும். பிறகு முழங்கை மேலேயே இருக்க, விரல்நுனி அடித்தளத்தை நோக்க, முன்கை முழுவதும் நீரைப் பின்னால் தள்ள வேண்டும். கீழே அல்ல, பின்னால். விரல்களை இறுக்கிச் சேர்க்கத் தேவையில்லை. இதற்கு மேல் கையில் கவனம் செலுத்துவதை மூச்சு அமைந்தபின் வைத்துக்கொள்ளலாம். பேடில் இப்போது வேண்டவே வேண்டாம். தவறான இழுப்பின் மேல் பெரிய பலகையைக் கட்டினால் அந்தச் சுமை நேராகத் தோள்மூட்டில் இறங்கும்.

எல்லாவற்றையும் மெதுவாகச் செய்யுங்கள். தண்ணீரில் வேகத்தை இரட்டிப்பாக்கினால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். தவறான உடம்பு நிலையோடு வேகம் தேடுவது வீண். 1992, 1996 ஒலிம்பிக் இரண்டிலும் 50 மீட்டர், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கங்களை வென்ற ரஷ்யர் அலெக்சாண்டர் போபோவ், பயிற்சியில் மெதுவாகவும் பிசகில்லாமலும் நீந்துவதற்குப் பேர்போனவர். வேகப் பந்தயக்காரருக்கே அது தேவைப்பட்டது. வாரத்துக்கு மூன்று நாள், முக்கால் மணி நேரம் போதும். முங்கல், வழுக்கல், பக்கவாட்டு உதைப்பு முடிந்தபின் ஃப்ரீஸ்டைலில் 10 மீட்டர் மட்டும் நீந்தி நில்லுங்கள். மூச்சு முழுவதும் அடங்கியபின் அடுத்தது. கெட்டுப்போன நீச்சலில் மிச்சம் 15 மீட்டரை இழுத்துக்கொண்டு போனால் கெட்டதையே பழகுகிறீர்கள். பத்தும் சுலபமானபின் பன்னிரண்டு, பதினைந்து என்று ஏற்றுங்கள். 25 மீட்டருக்கு எத்தனை கைவீச்சு என்று அப்போது எண்ணத் தொடங்கலாம். வாரம் போகப் போக எண்ணிக்கை குறைந்தால் சரியான வழியில் இருக்கிறீர்கள்.

உங்கள் பயிற்சியாளரை மாற்றச் சொல்லவில்லை. கரையில் நின்று பார்க்கும் கண் உங்களுக்குத் தேவை. "இன்று என் தலையை மட்டும் பாருங்கள், தூக்கும்போதெல்லாம் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஒரே விஷயத்தைக் கேட்டால் யாரும் அக்கறையாகப் பார்த்துச் சொல்வார்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். என்ன உடுத்தி நீந்துகிறீர்கள்? பெண்கள் வகுப்புகளில் பருத்திச் சட்டையும் தொளதொளப்பான பேன்ட்டும் அணிந்து இறங்குகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். பருத்தி நீரைக் குடித்துக் கனக்கும். தொளதொளத்த துணி நீரைப் பிடித்துக்கொண்டு இடுப்பைக் கீழே இழுக்கும். உடம்பை மறைக்க வேண்டும் என்ற விருப்பத்தை நான் மதிக்கிறேன். முழங்கை வரை, கணுக்கால் வரை மூடும் நைலான் நீச்சலுடைகள் கடைகளில் கிடைக்கின்றன. உடலோடு ஒட்டியிருப்பதுதான் முக்கியம். பணம் செலவழிக்க வேண்டுமென்றால் முதலில் இதற்கும் நல்ல நீச்சல் கண்ணாடிக்கும் செலவழியுங்கள். கண்ணாடியை வாங்கும்போது பட்டையை மாட்டாமல் கண்ணில் லேசாக அழுத்திப் பாருங்கள். கையை எடுத்த பிறகும் ஒரு நொடி ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்தும்.

மகளைப் பற்றி. கிணற்றில் தொடங்க வேண்டாம். நிற்க இடமில்லை, சுவர் வழுக்கும், நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் மாறும். பயந்துபோன குழந்தைக்குக் கால் ஊன்ற ஒரு இடம் வேண்டும். அது மார்பளவுக் குளத்தில்தான் உண்டு. சுரைக்குடுக்கையும் பிளாஸ்டிக் கேனும் காற்றடைத்த கைப்பட்டையும் மிதக்க உதவும், உயிர் காக்கும் கவசம் ஆகாது. கட்டு அவிழ்ந்தால் அவ்வளவுதான். 2021-ல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் கணிசமானோர் சிறுவர்கள். மகளுக்கு முதலில் ஃப்ரீஸ்டைல் சொல்லித்தர வேண்டாம். தவறி விழுந்தால் மல்லாந்து மிதப்பது, சுவரை நோக்கித் திரும்பிச் சேர்வது, யார் கையும் இல்லாமல் தானே ஏறி வருவது. இம்மூன்றும் திடமாக வந்தபின் ஊர்க் கிணற்றுக்குக் கூட்டிப் போங்கள். அப்போதும் நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். மேட்டில் உட்கார்ந்து பார்ப்பது போதாது. கிணற்று மேட்டில் நீளமான கயிறு ஒன்றும், மூடி இறுக்கிய காலிக் கேன் ஒன்றும் எப்போதும் இருக்கட்டும். யாராவது தத்தளித்தால் மகள் குதிக்கக் கூடாது. கேனை எறிய வேண்டும், கயிற்றை வீச வேண்டும், கூவி ஆட்களை அழைக்க வேண்டும். நீச்சல் வகுப்பில் சேர்க்கும் முன்பே இதை அவளிடம் சொல்லிவிடுங்கள்.